எனாமல் தட்டில் இருந்த நிறம்

மூக்கினுள் ஆறாத புண் இருக்கிறது, இனி குரோமியம் இருக்கும் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஓய்வு பெறும் வயது வருவதற்கு வெகு முன்பே உங்களிடம் விடைபெறுகிறேன். பிரிவு உபசாரத்தில் அனுபவங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. வீட்டில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான்.

எவ்வளவு அமிலம், எவ்வளவு அமீன், எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் ஷெட்டின் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரே ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தொட்டியைத் தெரியும். ஆனால் இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படிக்கலாம். அவர்களுக்காக இரண்டு வரி. ஒரு சிமெண்டுத் தொட்டி, நடுவில் ஒரு குறுக்குச் சுவர். இடப்பக்கம் முலாம் பூசும் பட்டறையிலிருந்து வரும் கழுவுநீர். குரோமியம் கரைந்து ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வலப்பக்கம் காஸ்டிக் சோடா கரைத்த தெளிந்த நீர். குறுக்குச் சுவர் தொட்டியின் விளிம்பு வரை எழும்பாது. அதற்கு மேலே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும் அமீன் என்ற ரசாயனம் கலந்த மண்ணெண்ணெய் படலமாக மிதக்கும், இரண்டு குடித்தனங்களுக்கு ஒரே மொட்டைமாடி இருப்பதைப் போல. இடப்பக்கத்துக் குரோமியம் மாடி ஏறி, அந்தப் பக்கம் நடந்து, வலப்பக்கத்தில் இறங்கிவிடும். தண்ணீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இடப்பக்கம் நாளுக்கு நாள் வெளுக்கும். வலப்பக்கம் மஞ்சள் ஏறும். விஷம் சாக்கடைக்குப் போகாமல் பட்டறைக்கே திரும்பிப் போகும்.

கேட்க அழகாக இருக்கும் இந்த வேலையை ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் எண்ணெயும் நீரும் பால்போல ஒன்றாகிவிடும், பிறகு பிரியாது. ஆகவே மெல்லத்தான் கலக்க வேண்டும், மெல்லத்தான் நிறம் மாறும். மண்ணெண்ணெய் இருப்பதால் ஷெட்டைக் காம்பவுண்டின் கடைசி மூலையில் கட்டியிருந்தார்கள். அங்கே ஸ்டவ் கூடாது, சிகரெட் கூடாது, டீ கூட வராது. பொறி பறக்கும் என்று நைலான் புடவைக்கும் தடை. பம்பாய் முழுக்க நைலானுக்கு மாறிய காலத்தில் நான் மட்டும் கஞ்சி போட்ட பருத்தியில் போய் வந்தேன். ஆபீசில் மற்றவர்கள் சாப்பாட்டு வேளையில் சிரிக்கும் சத்தம் காம்பவுண்டைத் தாண்டி லேசாகக் கேட்கும். நான் எனாமல் தட்டில் தயிர் சாதத்தை வைத்துக்கொண்டு ஆரஞ்சு மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். கணவருக்குப் பிலாய் எஃகு ஆலையில் வேலை. மாட்டுங்காவில் நானும் மகளும் மட்டும். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, தாழ் போட்டுக்கொண்டு, நான் வரும்வரை தனியாக இருப்பாள்.

ஷெட்டில் எனக்கு இருந்த ஒரே துணை ஃபிட்டர் சுலைமான் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தாராவியில் குடியிருந்தார். எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் ஓடும் நாலா, அந்தப் பெரிய சாக்கடைக் கால்வாய், நேரே அவர் தெருவைத் தொட்டுக்கொண்டுதான் போகும். தொட்டியைக் கலக்கும் கருவி, கலக்கி, மெல்ல ஓடுவதை அவர் கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு கேலி செய்வார்.

"என்னம்மா இது, தொட்டில் ஆட்டுத மாதிரி ஆட்டுது. பிள்ள தூங்கிருச்சான்னு பாருங்க."

"தூங்கினா சொல்றேன். நீங்க போய் பம்ப்பைப் பாருங்க."

"சரிம்மா."

எதைச் சொன்னாலும் சரிம்மா என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீசில் ஒரு பெண் சொல்கிறாள் என்பதற்காகவே எதையும் இரண்டு முறை கேட்பவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், மறுபேச்சில்லாத ஒருவர்.

தொட்டியை வடிவமைத்தவர் எங்கள் சீனியர். கெட்டிக்காரர். எதைச் சொன்னாலும் முடிவில் "கரெக்ட்தானே?" என்று கேட்பார். சுற்றியிருப்பவர்கள் "கரெக்ட் சார்" என்போம். யாரும் அவரிடம் 'இல்லை' என்று பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய ஒரு பிடிவாதத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஷெட்டின் ஓரத்தில் சில மூட்டை பைசல்பைட் எப்போதும் இருக்க வேண்டும் என்பார். அதைப் போட்டால் ஆரஞ்சுக் குரோமியம் பச்சையாக மாறும். பச்சைக் குரோமியம் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அது நம் எண்ணெயில் ஏறாது. பச்சையாகிவிட்டால் அந்த நீரிலிருந்து நமக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது. எல்லாம் கைமீறிப் போனால் மட்டும் தொட வேண்டிய மருந்து என்று அதை வைத்திருந்தார்.

அந்த மழை நாளில் சீனியர் பூனாவில் இருந்தார்.

காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றது. ஆபீசில் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கீழே மளிகைக் கடைக்குப் போன் போட்டு மகள் வந்துவிட்டாளா என்று கேட்கப் பார்த்தேன், லைன் செத்திருந்தது. நானும் கிளம்பத்தான் போனேன். ஷெட்டைப் பூட்டும்முன் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்.

இடப்பக்கம் வெளுத்து வெந்தயத் தண்ணீர்போல இருந்திருக்க வேண்டும். காலையில் அப்படித்தான் இருந்தது. இப்போது பளீரென்ற ஆரஞ்சு. அதோடு எண்ணெய்ப் படலம் வழக்கத்தைவிட உயரத்தில், விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்தது. இங்கே சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பெருமழை பெய்யும் நாளில் தொட்டிகளைக் கழுவிக் காலி செய்துவிடுவார்கள். நாலா நிரம்பி ஓடும், எது யாருடையது என்று தெரியாது, கேட்கவும் ஆள் வராது. எங்கள் பட்டறையும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆனால் எங்கள் கழுவுநீர் இப்போது நாலாவுக்குப் போவதில்லை, என் தொட்டிக்கு வருகிறது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

முற்றத்துத் தண்ணீரில் கணுக்கால் நனைய ஓடினேன். பட்டறை ஃபோர்மன் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"தொட்டியெல்லாம் திறந்து விட்டீங்களா?"

"பாரிஷ்மே சப் சோட்தே ஹை, மேடம்," என்றார். மழையில் எல்லோரும் விடுவதுதானே என்ற சாதாரணக் குரலில். விட்டாயிற்று, கழுவியாயிற்று, சாவி வாட்ச்மேனிடம் என்று கையால் காட்டிவிட்டு நடந்தார்.

திரும்பி ஷெட்டுக்கு வந்தபோது கரண்ட் போயிருந்தது. கலக்கி நின்றுவிட்டது. நீர் அதிகமானால் இடப்பக்கத்திலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றும் பம்ப்பும் நின்றுவிட்டது. சுலைமான் பாய் கோணியைச் சுருட்டி வரத்துக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். முற்றத்துத் தண்ணீர் அதையும் மீறிக் கசிந்து வந்தது.

"நிக்காதும்மா. இன்னும் ஒரு சாண் ஏறினா எண்ணெ வெளிய வந்துரும்."

எண்ணெய்தான் முதலில் வரும். அது மேலே மிதப்பது. விளிம்பைத் தாண்டினால் முற்றத்து வெள்ளத்தில் விரியும், வெள்ளத்தோடு பின்சுவரைத் தாண்டி நாலாவுக்கு, நாலாவிலிருந்து தெருவுக்குப் போகும். அதைச் சொல்லவும் செய்தார்.

"எங்க தெருவுல இப்ப வீட்டுக்குள்ள தண்ணி. கட்டில் மேல ஸ்டவ்வ வச்சித்தான் சோறு பொங்கிட்டு இருப்பாவ."

மண்ணெண்ணெய் மிதக்கும் தண்ணீர், தண்ணீருக்குச் சற்று மேலே எரியும் ஸ்டவ்.

இருந்த டிரம்களில் எண்ணெயை வாளியால் மொண்டு ஊற்றினோம். டிரம்கள் நிரம்பிவிட்டன, படலம் பாதி கூடக் குறையவில்லை. மீதி ஒரே வழி, இடப்பக்கத்தின் அடி வால்வு. அதன் சக்கரம் ஷெட்டின் வாசலுக்கு வெளியே இருக்கிறது. திறந்தால் அடியிலுள்ள நீர் நாலாவுக்குப் போகும், எண்ணெய் கீழே இறங்கும், நெருப்பு அபாயம் தீரும். ஆனால் அடியில் இருப்பது பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த ஆரஞ்சு. அதுவும் அதே தெருவுக்குத்தான் போகும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் மனிதர்கள், காலில் சேற்றுப்புண்ணோடு விளையாடும் குழந்தைகள். குரோமியம் புண்ணில் பட்டால் என்ன செய்யும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நான் என் மூக்கில் பார்த்திருக்கிறேன்.

"மூட்டையைக் கொண்டாங்க பாய்," என்றேன். "பச்சையாக்கிட்டுத் திறப்போம்."

பொடியைக் கொட்டினால் போதாது, கலக்க வேண்டும். கலக்கினால் எண்ணெய் பாலாகிப் போகும். பல மாதம் நான் கண்ணுக்குள் வைத்துக் காத்த எண்ணெய். சுலைமான் பாய் மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆட்டட்டா?"

"நல்லா ஆட்டுங்க."

ஆட்டினார். கண்ணெதிரே படலம் உடைந்து மோர்போல நுரைத்தது. அமிலத்தில் பைசல்பைட் விழுந்ததும் மூச்சை அடைக்கும் புகை கிளம்பியது. இருமிக்கொண்டே அடுத்த மூட்டையைக் கிழித்தோம். விளிம்புக்கும் நுரைக்கும் இடையே நாலு விரல் இருந்தது.

இப்போது அடியில் என்ன நிறம் என்று தெரிய வேண்டும். மேலே வெள்ளை நுரை மூடியிருக்கிறது. ஷெட்டுக்குள் இருட்டு, விளக்கு ஏற்ற முடியாது. டார்ச் இருந்தது, ஆனால் டார்ச்சின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். குழாயை ஆழத்தில் விட்டு உறிஞ்சி, என் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் பிடித்தேன். வெள்ளை எனாமல் அது ஒன்றுதான் கையில் கிடைத்தது. வாசலுக்கு எடுத்து வந்தேன். பகல்தான், ஆனால் மேகம் வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தது. புகையில் என் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது.

தட்டில் இருந்தது ஒரு நிறம். பச்சை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் பச்சை. மஞ்சள் என்று நினைத்தால் மஞ்சள்.

மகள் நினைவு அப்போது ஏன் வந்தது என்று தெரியவில்லை. அவள் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். இந்தச் சக்கரத்தைத் திருப்பிவிட்டால் நான் கிளம்பலாம்.

சுலைமான் பாய் மழையில் நனைந்தபடி சக்கரத்தில் கை வைத்துத் தயாராக நின்றார்.

"பச்சைதானே, பாய்?"

"பச்சைதாம்மா. திறந்திரட்டா?"

ம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். தட்டு என் இடுப்புக்குக் கீழே, என் உடம்புக்கு மறுபக்கம் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அதற்குள் இருப்பதை அவரால் பார்த்திருக்கவே முடியாது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் பச்சை இருந்தது, அதை வாசித்துச் சொன்னார்.

சுற்றிலும் மழை. பூனாவில் சீனியர். வீட்டில் சிறு பெண். ஒரு மனிதர் பக்கத்தில் நிற்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நின்றது என் எதிரொலி.

நடந்து போய்த் தட்டை அவர் கையில் கொடுத்தேன். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"என்ன தெரியுதோ சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"நீங்க பாத்தாச்சில்லம்மா?"

"எனக்கு நிச்சயமாத் தெரியல."

இந்த வார்த்தையை அந்தக் காம்பவுண்டில் நான் யாரிடமும் சொன்னதில்லை. பெண் என்பதால் சொல்லக் கூடாது என்றே வைத்திருந்தேன். ஈரச் சுவரில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே நுரை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் திரும்பவில்லை.

"பழுத்த வேப்பிலை மாதிரி இருக்கு," என்றார் கடைசியில். பிறகு குரலைத் தணித்து, "பச்சையில்லம்மா. இன்னும் மஞ்சள் கெடக்கு."

எத்தனையோ நாள் பழக்கத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் 'இல்லை' அதுதான்.

மிச்சமிருந்த மூட்டைகளையும் கொட்டினோம். அவர் கழியைப் போட்டு ஆட்டினார். நான் காலிக் கோணிகளில் மரத்தூளைத் திணித்து விளிம்பில் அணை கட்டினேன். ஒரு மூலையில் நுரை கசிந்து என் புடவையில் வழிந்தது. அதைக் கையாலேயே உள்ளே தள்ளினேன். மறுபடி தட்டில் பிடித்து, இம்முறை நான் பார்க்குமுன்பே அவரிடம் நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"இப்ப மல்லித் துவையல்."

நானும் பார்த்தேன். கரும்பச்சை. எந்த வெளிச்சத்திலும் வேறு பெயர் சொல்ல முடியாத பச்சை.

"திறங்க."

சக்கரம் முனகியது. நுரை ஒரு விரல் இறங்கியது, பிறகு இன்னொரு விரல். குறுக்குச் சுவரின் தலை தெரியும்வரை அங்கேயே நின்று, பிறகு மூடினோம்.

பச்சை நீரை நல்ல நீர் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் அமிலம் இருந்தது. மழையில் நீர்த்துப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஃபோர்மனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார் என்பது எனக்கு மறக்கவில்லை. இருந்த இரண்டு மூன்று கெடுதல்களில் சின்னதைத் தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான்.

ரயில் இல்லாததால் அவரோடு தாராவி வழியாகவே நடந்தேன். அவருடைய தெருவில் முழங்கால் வரை தண்ணீர். திறந்திருந்த ஒவ்வொரு கதவுக்குள்ளும் கட்டில் மேல் ஒரு ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் இரண்டு பெண்களும் சோப்பு டப்பாவை மிதக்க விட்டுக்கொண்டிருந்தார்கள். "வாப்பா, கப்பல்," என்றாள் சின்னவள். தண்ணீரில் அவள் பாவாடை மிதந்தது. அவள் கால் தெரியவில்லை.

தெரு முனை வரை வழிகாட்ட அவர் கூடவே வந்தார். நடந்துகொண்டே கேட்டேன்.

"பார்க்காமலே ஏன் பச்சைன்னு சொன்னீங்க?"

"நீங்க பச்சைதானேன்னு கேட்டிய."

"திறந்தா தண்ணி உங்க வாசலுக்குத்தானே வரும்?"

"வரும்."

"தெரிஞ்சுமா?"

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"ஆமான்னு சொன்னா, என்ன ஆனாலும் நீங்க சொன்னது. இல்லன்னு நான் சொல்லி, அதுக்குள்ள எண்ணெ வந்து தீப்பிடிச்சிருந்தா, நான் சொன்னது. எம் பிள்ளைய நிக்கித தெருவுல நான் எப்படிம்மா அதச் சொல்லுவேன்?"

முனையில் எனக்கு வழியைக் காட்டிவிட்டு அவர் தன் தெருவுக்குத் திரும்பினார்.

மறுவாரம் சீனியர் வந்து தயிராகிப் போன எண்ணெயைப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு, "பைசல்பைட் வச்சிருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு, கரெக்ட்தானே?" என்றார். "கரெக்ட் சார்," என்றேன். அது கரெக்ட்தான். அதற்கு மேல் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணெயைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வெகுநாள் பிடித்தது. மழை நாளில் தொட்டி கழுவும் வழக்கத்தை நிறுத்த அதைவிட அதிக நாள் பிடித்தது.

நீங்கள் சேர்ந்த புதிதில், சாம்பிள் எடுத்ததும் நான் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டு சிரித்தீர்கள். சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை, பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாளைக்கு நீங்கள் ஒவ்வொருவரும் ஓர் இடத்துக்குப் பொறுப்பாவீர்கள். அன்றிலிருந்து உங்களைச் சுற்றி ஆமாம் என்ற சொல் பெருகும். காம்பவுண்டு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் தனிமை என்று நினைத்திருந்தேன். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஓர் அறையில் முடிவெடுப்பது அதைவிடத் தனிமை. உங்களுக்கு வேண்டிய பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொடுக்காதீர்கள். முதலில் நீங்கள் சொல்லாதீர்கள். முகத்தை மறைக்கத் தெரியாவிட்டால், என்னைப்போலத் திரும்பி நில்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் பக்கத்தில் நிற்பவருக்கும் வாய் திறக்கும்.

அந்த நாளில் இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. வேலை சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் அதையும் சொல்லாவிட்டால் இதை எழுதியதில் அர்த்தமில்லை.

நனைந்து, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு மாட்டுங்கா போய்ச் சேர்ந்தேன். என் குரலைக் கேட்டதும் மகள் கதவைத் திறந்தாள். யூனிஃபார்மை மாற்றியிருந்தாள். பாடப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வழக்கமாகக் கேட்பதையே கேட்டேன்.

"பயப்படலையே, கண்ணு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இல்லம்மா," என்றாள்.

அந்தப் பார்வையை நான் அன்றைக்கே ஒரு முறை, சக்கரத்தில் கை வைத்து நின்ற சுலைமான் பாயிடம், பார்த்திருந்தேன். கணவர் பிலாய்க்குப் போன நாளிலிருந்து தினமும் இதே கேள்வி, தினமும் இதே பதில். சமர்த்துப் பெண் என்று அவருக்கு ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஈரப் புடவையோடே சமையலறைக்குப் போனேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "சாயங்காலம் என்னெல்லாம் ஆச்சு, சொல்லு," என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

சமையலறை வாசற்படியில் அவள் உட்காரும் ஓசை கேட்டது.

"கரண்ட் போயிடுத்து. அப்பறம் யாரோ கதவைத் தட்டினா. நீயா இருக்கும்னு நெனச்சேன். உன் குரல் கேட்டாத்தான் திறக்கணும்னு சொல்லியிருக்கியே. அதான் திறக்கலை. போயிட்டா. போனப்புறம் நீதானோ, குரல் குடுக்க மறந்துட்டியோன்னு தோணித்து. மழைல எங்க போயிருப்பேன்னு…" குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "அப்பறம் கதவண்டையே உக்காந்துண்டுட்டேன். தினமும் அங்கதான்மா உக்காந்துண்டிருப்பேன். நீ வர சத்தம் கேட்டதும் எழுந்து புஸ்தகத்தை எடுத்துண்டுடுவேன்."

பால் பொங்கி வந்தது. கையை நீட்டி ஸ்டவ்வை அணைக்கலாம். அசைந்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது. பால் வழிந்து அடுப்பில் சுறுசுறுவென்று கருகியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் திரும்பாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.